சத்தத்தை அமத்திப் பார்த்த பாட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்னிக்கு டிபார்ட்மென்ட் மீட்டிங்ல என் மானம் கப்பலேறிடுச்சு. விஸ்காம் துறையில இருக்கிறதே ஆறு பேர். அந்த ஆறு பேருக்கு முன்னால ஹெச்.ஓ.டி. தேவசகாயம் சார் கேட்டார்: "ஜெசிந்தா மேடம், பாட்டு வீடியோவ எல்லாம் அலசி ஆராயுறேன்னு ஒரு சேனல் வெச்சிருக்கீங்களே, அத யாராவது பாக்காங்களா?" நான் வாயத் திறக்கிறதுக்குள்ள பக்கத்து சீட்டு வாணி ஃபோன எடுத்துப் பாத்து, "கடைசி வீடியோவ ஒரு அம்பது பேர் பாத்திருக்காங்க சார்"னு எடுத்துக் குடுத்தா. புண்ணியவதி. அதுல பாதிப் பார்வை நானும் என் வீட்டுக்காரர் எட்வினும் போட்டது.

டிசம்பர்ல கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். வீட்டுக்கு வந்து, "எட்டு வருஷமா பாளையங்கோட்டையில மீடியா தியரி நடத்துறேன், எனக்குத் தெரியாத தியரி இருக்கா"ன்னு எட்வின்கிட்ட கத்தினேன். அவர் மின்வாரிய ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் கேட்டுக் கேட்டுப் பழகினவர். "இல்லட்டி, இல்ல"ன்னு சொல்லிட்டு கருவாட்ட வறுக்கப் போய்ட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

ரெண்டாம் வருஷப் பசங்களுக்கு இசை வீடியோ பாடம் ஆரம்பிச்சேன். போர்டுல கேள்விகளை எழுதிப் போட்டேன். பாட்டு வரிக்கும் காட்சிக்கும் என்ன உறவு? காட்சி வரியை விளக்குதா, பெருக்குதா, எதிர்த்துப் பேசுதா? யார் பாக்காங்க, யார் பார்க்கப்படுறாங்க? குளோசப் யாருக்கு, எதுக்கு? பிறகு என் பழைய பாட்டு: "முதல் தடவை சத்தத்தை அமத்திட்டுப் பாருங்க. மெட்டு நம்மள மயக்கிரும். கண்ணு மட்டும் வேலை செய்யட்டும். ரெண்டாவது தடவை சத்தத்தோட."

ஒரு பிள்ளை கை தூக்கி, "மேம், இத மியூட்ல பாத்தேன், ஒரு மாதிரியா இருக்கு"ன்னு ஒரு லிங்க் குடுத்துச்சு. 'உள்ளங்கை ஈரம்'னு பாட்டு. தென்காசிப் பக்கம் எவனோ இசக்கிராஜான்னு ஒருத்தன் எடுத்தது. ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து மியூட்ல பாத்தேன்.

புதையல். முழுப் பாட்டுலயும் ஒரு பொண்ணு வாரா, முகமே இல்ல. பாத்திரம் தேய்க்கிற கை. ஈரத் தரையில நடக்கிற பாதம். முதுகுல ஆடுற சடை. சேலையத் தூக்கிச் சொருகின இடுப்பு, அதுவும் அவ்வளவு கிட்ட. கேமரா எப்பவும் தாழ, இடுப்பு உயரத்துல நிக்குது. ஆண் பார்வைன்னா என்ன, பெண் உடம்பத் துண்டு துண்டா வெட்டிக் காட்டுறதுன்னா என்னன்னு புத்தகத்துல இருக்கே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் கிடைக்காது.

பெல் அடிச்சிட்டான். சத்தத்தோட நாளைக்குப் பாத்துக்கலாம்.

ஆகஸ்ட் 9, சனி

மத்தியானம் ரெக்கார்டிங். ஃபேன் ஓடினா மைக்ல இரைச்சல் விழும்னு அமத்திட்டு, வேர்த்து ஊத்த ஊத்தப் பேசினேன். சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே வந்துச்சு. ஒவ்வொரு ஷாட்டா நிறுத்தி, பெருசாக்கி, சிவப்பு வட்டம் போட்டேன். இடக்கை மணிக்கட்டுல ஒரு தழும்பு இருக்கு. அதையும் வட்டம் போட்டு, "பாருங்க, ஒரு பெண்ணோட காயத்தக்கூட அலங்காரமா ஆக்கிட்டாங்க"ன்னேன். கடைசில, "முகமில்லாத இந்தப் பெண்ணோட உடம்பு இங்க கடைச்சரக்கா விரிச்சு வைக்கப்பட்டிருக்கு"ன்னு முடிச்சேன். எனக்கே புல்லரிச்சுது.

பாட்டோட சத்தத்தை முழுசா எடுத்துட்டேன். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, இல்லேன்னா காப்பிரைட்னு வீடியோவத் தூக்கிருவான்.

எட்வின் எட்டிப் பாத்துட்டு, "கேமரா ஏன் இவ்வளவு தாழ இருக்கு?"ன்னார்.

"அதுதாங்க ஆண் பார்வை."

"எந்த ஆம்பள இவ்வளவு குட்டையா இருக்கான்?"

"உங்களுக்கு இது புரியாது, மாவு புளிச்சிரும், ஃபிரிட்ஜ்ல வைங்க"ன்னு அனுப்பிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போறதுக்கு முன்னால அப்லோட் பண்ணிட்டேன். சேனல் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீடியோ போட்ட முதல் மணி நேரத்துல வர்ற கமென்ட் எல்லாத்துக்கும் ஹார்ட் போடணும். அப்பத்தான் யூடியூப் நாலு பேர் கண்ணுல காட்டும். ஃபாதர் பிரசங்கம் பண்ணிட்டு இருக்கார், நான் பைக்குள்ள ஃபோன வெச்சு ஹார்ட் போட்டுட்டு இருக்கேன். வாசிக்கல்லாம் நேரமில்ல. கடவுள் மன்னிக்கணும்.

ஆகஸ்ட் 13, புதன்

அம்மாடியோவ்! ஒரு பெரிய பெண்கள் பேஜ்ல நம்ம வீடியோவ எடுத்துப் போட்டிருக்காங்க. லட்சத்தத் தாண்டிட்டு. தேவசகாயம் சார் தானே வந்து கை குடுத்தார். அடுத்த மாசம் செமினார்ல இதத்தான் போட்டுக் காட்டணுமாம். வாணி முகத்தப் பாக்கணுமே! கேன்டீன்ல எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் குடுத்தேன். அவளுக்கு ரெண்டு.

ஆகஸ்ட் 14, வியாழன்

எட்வின் சட்டையில மஞ்சக்கறை. ஊறப் போட்டிருக்கேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

புகழ் வந்தா கூடவே பொல்லாப்பும் வரும்போல. "பாட்டக் கேட்டீங்களா மேடம்?"னு ஒருத்தர் கமென்ட். "காட்சியப் பத்திப் பேசும்போது காட்சியத்தான் பாக்கணும்"னு பதில் போட்டேன். அதுக்கு நிறைய லைக்.

தெரியாத நம்பர்ல இருந்து நாலஞ்சு தடவை கால். எடுத்தா, "டீச்சர், நான் இசக்கிராஜா, அந்தப் பாட்ட எடுத்தவன். அந்த வீடியோவ எடுத்துருங்க டீச்சர், கெஞ்சிக் கேக்கேன்"னான். விமர்சனத்தத் தாங்குற மனசு இருந்தாத்தான் கலைக்கு வரணும் தம்பின்னு ஒரு லெக்சர் குடுத்துட்டு வெச்சுட்டேன். வெச்ச பிறகு எதுக்கோ மனசு சரியில்ல. பசியா இருக்கும்னு நாலு பிஸ்கட் சாப்பிட்டேன்.

கமென்ட்டுகள இன்னிக்குத்தான் வரிசையா வாசிச்சேன். மேல நிக்கிறது ஒண்ணு: "இந்தக் கைய எனக்கு நல்லாத் தெரியும்." படமில்லாத ஏதோ அக்கவுன்ட். அதுக்கும் நான் ஹார்ட் போட்டிருக்கேன். அதனாலதான் மேல வந்து நிக்குது. ரசிகர் யாரோ.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இதை எழுதக் கை வரல. ஆனா எழுதாம இருந்தா நாளைக்கு நானே மாத்திச் சொல்லிருவேன். என்னை எனக்குத் தெரியும்.

மத்தியானம் இசக்கிராஜா காலேஜுக்கே வந்துட்டான். இருபத்தஞ்சு வயசு இருக்கும், செல்ஃபோன் கடையில வேலை. நான் நினைச்ச ஆள் மாதிரியே இல்ல. உக்காரச் சொன்னேன், உக்காரல.

"டீச்சர், அந்தப் பாட்டுல வர்றது எங்க அக்கா. உலகம்மா. புருசன்கூட வாழ முடியாம என் வீட்ல வந்து இருக்கா. பிள்ளைய யாருகிட்ட விடணும்னு கோர்ட்டுல கேஸ் நடக்கு. ஊர்வாய்க்குப் பயந்துதான் மூஞ்சி வேண்டாம்னு அவளே சொன்னா. ஒரு நாள், ஒரே நாள், சிரிச்சிக்கிட்டே எடுத்தோம். இப்ப அத்தான் ஒங்க வீடியோவக் கொண்டுபோய்க் கோர்ட்டுல குடுத்துட்டாரு. 'இவ ஒடம்பக் கடைச்சரக்கா விரிச்சு வெச்சிருக்கா, நான் சொல்லல, காலேஜ் பேராசிரியையே சொல்லுதாங்க'ன்னு வக்கீல் எழுதிக் குடுத்திருக்காரு. மூணாந்தேதி வாய்தா. பிள்ளையப் பிடுங்கிருவாங்க டீச்சர்."

நான் அவளைச் சொல்லல. எடுத்தவனைத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணுக்காகத்தான் பேசினேன். இதையெல்லாம் அவன்கிட்டயும் சொன்னேன். கடைசில, "தம்பியா இருந்தாலும் நீங்க கேமராவ அந்த உயரத்துல வெச்சிருக்கக் கூடாது"ன்னுகூடச் சொன்னேன். இதச் சொன்ன நாக்கப் பிடுங்கிப் போட்டாலும் தகும்.

அவன், "டீச்சர், நீங்க பாட்டக் கேக்கவே இல்லியா?"ன்னான்.

அவன் போன பிறகு ஸ்டாஃப் ரூம் கதவச் சாத்திட்டு, ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன்.

பாடுறது ஒரு சின்னப் பிள்ளை. ஏழு வயசு இருக்குமா? பல்லு விழுந்த வாயால பாடுற மாதிரி காத்து போகுது.

*பாத்திரம் வெளக்குத கையி
பால் மணக்குத கையி
இடுப்புல ஏத்தி வெச்சுக்கோ அம்மா
எனக்கு ஊரே தெரியும்*

கேமரா தாழ இருக்கிறது எதுக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அது பிள்ளையோட உயரம். அந்தப் பிள்ளை அம்மாவ எப்படிப் பாக்குமோ அப்படி எடுத்திருக்கான். அடுப்படியில அண்ணாந்து பாத்தா முகமா தெரியும்? கை தெரியும், சடை தெரியும், இடுப்பு தெரியும். ஏறி உக்காரணும்னு ஆசைப்படுற இடுப்பு. நான் சிவப்பு வட்டம் போட்டது அதுக்கு.

வரிக்கும் காட்சிக்கும் என்ன உறவுன்னு ஒவ்வொரு வருஷமும் போர்டுல முதல் கேள்வியா எழுதுறவ நான். வெக்கமா இருக்கு. காது மடல் வரைக்கும் சுடுது.

ஆகஸ்ட் 23, சனி

அழிச்சுட்டேன். அதுக்குள்ள எத்தனையோ பேர் இறக்கி எடுத்துத் தங்கள் பக்கத்துல போட்டிருக்காங்க. என் குரல் அவங்க வீட்லயெல்லாம் பேசிட்டு இருக்கு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போடலாம்னு ஸ்கிரிப்ட் எழுத உக்காந்தேன். என்ன உடுத்தலாம், அந்த வெள்ளைக் காட்டன் சேலையா, சுடிதாரான்னு யோசிச்சிட்டு இருக்கும்போது எட்வின் வந்து நின்னார். "அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டியா?"ன்னார். கேக்கல. சேலைய மடிச்சு வெச்சுட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

லீவு போட்டுட்டு தென்காசி பஸ் ஏறி, அங்கிருந்து மினி பஸ்ல ஆலங்கிணறுக்குப் போனேன். ஆப்பிள், ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன், ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி. வேற என்ன வாங்குறதுன்னு தெரியல.

உலகம்மா வாசல்ல உக்காந்து பீடி சுத்திட்டு இருந்தா. முதல் தடவையா முகத்தப் பாத்தேன். என்னைவிடச் சின்னவ. யாருன்னு சொன்னதும் மடியில இருந்த தட்ட இறக்கி வெச்சுட்டு எழுந்து, "வாங்க டீச்சர், தண்ணி குடிக்கியளா?"ன்னா. அவ திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும்.

மன்னிச்சிரும்மான்னேன். பாட்டக் கேக்காமப் பேசிட்டேன், முகமில்லாத கைய வெச்சு யாரும் கண்டுபிடிப்பாங்கன்னு நினைக்கவே இல்லன்னேன்.

அவ இடக்கைய நீட்டிக் காட்டினா. அந்தத் தழும்பு. "இத வெச்சுத்தான் கண்டுபிடிச்சாரு. தோசைச் சட்டுவத்த அடுப்புல காய வெச்சு அவரு சூடு போட்டதுல்லா. அவருக்குத் தெரியாதா?"

இந்தக் கைய எனக்கு நல்லாத் தெரியும். அந்தக் கமென்ட்டுக்கு ஹார்ட் போட்டவ நான். இத அவகிட்டச் சொல்லல.

வேற வீடியோ போட்டு உண்மையச் சொல்லட்டுமான்னு கேட்டேன். "வேண்டாம் டீச்சர். நல்லதாப் பேசுனாலும் மறுபடியும் எல்லாரும் என்னையத்தான் பாப்பாக. கோர்ட்டுக்கு வாங்க. எங்க வக்கீலம்மா சொன்னாக, நீங்களே வந்து ஜட்ஜம்மா முன்னால சொன்னா போதும்னு. அதுக்கு மட்டும் வாங்க."

வாரேன்னேன். உள்ள ஒரு பிள்ளை கதவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. அவ மக பேச்சிஸ்ரீ. "பாடச் சொன்னா இப்பல்லாம் பாடுறதே இல்ல. என்னன்னு கேட்டா வாயவே தொறக்க மாட்டேங்கா"ன்னா உலகம்மா. ஆப்பிள் பைய அங்க வெச்சுட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தேவசகாயம் சார்கிட்ட லீவு கேட்டேன். விஷயத்த ஒளிக்காமச் சொன்னேன். கதவச் சாத்திட்டு வந்து, "மேடம், வீடியோவ எடுத்துட்டீங்கல்ல, அதோட விடுங்க. கோர்ட்டுல போய், பாட்டக் கேக்காம ஆராய்ச்சி பண்ணினேன்னு நீங்களே சொன்னா காலேஜ் பேரு என்னாகும்? டிசம்பர்ல உங்க ஃபைல் என் டேபிளுக்குத்தான் வரும்"னார். மிரட்டல. நிஜமாவே எனக்காகக் கவலப்படுற மாதிரிதான் சொன்னார். அதான் கஷ்டம். ஒரு நிமிஷம் சரி சார்னு சொல்லிருவேன்போல இருந்துச்சு.

சாயங்காலம் கேஸ் சிலிண்டர் வந்துச்சு. கனெக்‌ஷன் நானே மாட்டினேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நாளைக்குக் காய்ச்சல் வந்தா நல்லாருக்கும். லேசா உடம்பு சுடுதான்னு எட்வின்கிட்ட நெத்தியக் காட்டினேன். தொட்டுப் பாத்துட்டு, "ஒண்ணுமில்லட்டி. காலைல நானே பஸ் ஸ்டாண்டுல விடுதேன்"னார்.

செப்டம்பர் 3, புதன்

கோர்ட்டு வராந்தாவுல ஒரே கூட்டம். உலகம்மாவோட புருசன் மாரித்துரை என்னைப் பாத்ததும் எழுந்து நின்னு கும்பிட்டான். "வணக்கம் மேடம், நல்லா எடுத்துச் சொன்னீங்க"ன்னான். இஸ்திரி போட்ட சட்டை. சிரிச்ச முகம். அந்தக் கும்பிடு என் மேல சாணி அடிச்ச மாதிரி இருந்துச்சு.

உள்ள கூப்பிட்டாங்க. நீதிபதி கண்ணாடி போட்ட அம்மா. மாரித்துரையோட வக்கீல் டேப்லெட்ல என் வீடியோவப் போட்டார். சத்தமில்லாத கை, சத்தமில்லாத கால், மேல என் குரல். ஃபேன் இல்லாம வேர்த்துக்கிட்டே பேசினது அதுல துளியும் தெரியல. எவ்வளவு நிச்சயமாப் பேசுறா அந்தப் பொம்பள.

"இது உங்க குரல்தானே?"

"ஆமா."

"நீங்க எட்டு வருஷமா இதே பாடம் நடத்துறவங்க. ஆராய்ஞ்சு பாத்துத்தானே சொன்னீங்க?"

"இல்ல சார். பாட்டக் கேக்காமச் சொன்னேன்."

அறைக்குள்ள யாரோ சிரிச்சாங்க. நீதிபதி நிமிர்ந்து பாத்தாங்க. "பாட்டு வீடியோவப் பத்திப் பேசிருக்கீங்க. பாட்டக் கேக்கலியா?"

"கேக்கலம்மா. முதல் தடவை சத்தத்த அமத்திட்டுப் பாக்கணும், ரெண்டாவது சத்தத்தோட பாக்கணும். அதுதான் முறை. நான் ரெண்டாவது தடவை பாக்கல. மத்தவங்க கேக்காதபடி என் வீடியோவுலயும் சத்தத்த எடுத்துட்டேன். நான் சொன்னது அத்தனையும் தப்பு. அந்தக் காட்சி ஒரு பிள்ளை தன் அம்மாவப் பாக்கிறது."

வக்கீலம்மா பாட்டப் போட்டாங்க. சத்தத்தோட. மாரித்துரை தலைய டக்குனு தூக்கினான், பிள்ளை குரல் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. இடுப்புல ஏத்தி வெச்சுக்கோன்னு வரும்போது டைப்பிஸ்ட் அம்மா டைப் அடிக்கிறத நிறுத்திட்டாங்க. நீதிபதி முழுசாக் கேட்டாங்க. பிறகு உலகம்மாவோட கையப் பாத்து, அந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்க. அவ சொன்னா. அடுத்த வாய்தா வரைக்கும் பிள்ளை அம்மாகிட்டயே இருக்கட்டும்னு உத்தரவு.

வெளிய வந்ததும் வக்கீலம்மா என் கையப் பிடிச்சு தேங்க்ஸ்னாங்க. எனக்கு எதுக்கு தேங்க்ஸ்? வீட்டுக்குத் தீ வெச்சுட்டு ஒரு குடம் தண்ணி தூக்கிட்டு வந்திருக்கேன்.

பஸ் ஸ்டாப்புல உலகம்மா தம்பியோட பேசிட்டு நின்னா. பேச்சிஸ்ரீ என் பக்கத்துல வந்து, என் சேலை நுனியப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. முன்பல்லு ரெண்டும் இல்ல.

"நீங்கதான பாட்டுச் சத்தத்த நிப்பாட்டுன டீச்சர்?"

"ஆமா பாப்பா."

"ஏன் டீச்சர்? நான் நல்லாப் பாடலியா?"

அந்தப் பிள்ளை இத்தனை நாளா வாயத் தொறக்காம இருந்தது இதுக்குத்தான். குனிஞ்சு அது உயரத்துக்கு உக்காந்தேன். "நல்லாப் பாடியிருக்கடா கண்ணு. ரொம்ப நல்லாப் பாடியிருக்க. நான்தான் கேக்கல. தப்பு என் மேலதான்."

அது, "அப்ப இப்பக் கேக்கியளா?"ன்னு, பாடுறதுக்கு மூச்ச இழுத்துச்சு.

"ஏட்டி, வா. பஸ் வந்துட்டு"ன்னு உலகம்மா வந்து பிள்ளையத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா. என்கிட்ட மெதுவாத்தான் சொன்னா: "வேண்டாம் டீச்சர். இனிமே அவ எனக்கு மட்டும் பாடட்டும்."

சரிம்மான்னேன்.

பஸ் கிளம்புச்சு. ஜன்னல் கம்பியப் பிடிச்சிருந்த அவ கை மட்டும் வெளிய தெரிஞ்சுது. நான் பாக்காம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.